மேட்டுப்பாளையத்தில் நடுங்கிய கை

என் மனைவியின் கை நடுங்கத் தொடங்கியபோது நான் செய்த முதல் காரியம், கணப்புச் சட்டியில் கரியைப் போட்டு மூட்டியதுதான். கோத்தகிரியில் கை நடுங்கினால் வேறென்ன காரணம் தேடுவோம்? குளிர்தான். ஜன்னலை அடைத்தேன். ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போடச் சொன்னேன். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன் வீட்டில் டீத்தூளுக்கா பஞ்சம்? கடுஞ்சாயமாக இரண்டு மணிக்கொரு தரம் போட்டுக் கொடுத்தேன். அவளை நன்றாகக் கவனித்துக்கொள்வதாகப் பெருமை வேறு.

அவளுக்கு ஆஸ்துமா. டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார். பழுப்பு நிறத்தைத் தினமும் காலையும் மாலையும் இழுக்க வேண்டும். நீலம், மூச்சு அடைக்கும்போது மட்டும். பழுப்பை அவள் ஒரே வாரத்தில் அலமாரியில் போட்டுவிட்டாள்.

"அத அடிச்சா ஒண்ணுமே தெரியறதில்லீங்க. நீலம் அடிச்சாத்தானுங்க நெஞ்சு தொறக்குது."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நீலம் தீரத் தீர மருந்துக் கடைக்கு ஓடியவன் நான்தான். முன்பு மாதக்கணக்கில் வந்தது, இரண்டு வாரத்தில் தீர்ந்தது. பனிக்காலம் அப்படித்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைப்பவள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று என்னிடம் நீட்ட ஆரம்பித்தாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றாள். "குளிரு ஒடம்புக்குள்ள ஏறிப் போச்சு" என்று சொல்லி இன்னும் இரண்டு கரி போட்டேன். அடைத்த அறையில் அவளுக்கு இருமல் வந்தது. நீலத்தை எடுத்தாள். கை நடுங்கியது. நான் மறுபடி கரி போட்டேன். இதை இப்போது எழுதும்போது என்னையே ஓங்கி அறைய வேண்டும் போலிருக்கிறது.

சித்திரை மாதம் ஒரு கல்யாணத்துக்காக மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினோம். மண்டபத்தில் மின்விசிறி சுற்றியும் சட்டை முதுகில் ஒட்டியது. பந்திக்கு உட்காரும் முன் அவள் நீலத்தை நாலைந்து தடவை அடித்துக்கொண்டாள். பாயச டம்ளரைத் தூக்கினாள். பாதி இலையில் கொட்டியது. நெற்றியில் வியர்வை வழிய, தன் கையையே பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க ஏதுங்க குளிரு?"

கழுத்தில் அவள் நாடி துடிப்பது பக்கத்தில் இருந்த எனக்கே தெரிந்தது. பயத்தில் நீலத்தைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். நேராக டாக்டரிடம் போனோம்.

"நடுக்கம், படபடப்பு எல்லாம் நீலம் அதிகமானதாலதாங்க. அதுக்காக அதப் புடுங்கி வெச்சுக்குவீங்களா? மூச்சு அடைச்சா அதுதாங்க உசுரு" என்று என்னைத்தான் திட்டினார். பழுப்பை ஒரு நாளும் விடக்கூடாது, அது பிடிக்கச் சில வாரம் ஆகும், அதுவரை நீலம் அடிக்கடி தேவைப்பட்டால் உடனே வர வேண்டும் என்றார். பிறகு, வீட்டில் புகை உண்டா என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லீங்க" என்றாள். நான்தான் கணப்பைப் பற்றிச் சொன்னேன்.

கணப்புச் சட்டி இப்போது வெளியே மழையில் கிடக்கிறது. பழுப்பைத் தினமும் இழுக்கிறாள். நீலத்தை அவள் கைக்கெட்டும் இடத்தில் நானே வைத்திருக்கிறேன். ஆனால் நான் அன்று பிடுங்கியதை அவள் மறக்கவில்லை. நேற்று மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு இழுப்பு வந்தது. நீலம் தையல் மிஷின் மேலேயே இருந்தது. அவள் அதைத் தொடாமல் என்னைப் பார்த்தாள்.

"எடுத்துக்கட்டுங்களா?"

மூச்சு விட என்னிடம் அனுமதி கேட்கிறாள்.