யார் வீட்டுப் பெண்ணோ

சோறு நெஞ்சிலேயே நிற்கிறது என்றுதான் என் வீட்டுக்காரர் முதலில் சொன்னார். பிறகு ரசம் சோறு நின்றது. அப்புறம் கஞ்சியும் இறங்கவில்லை.

எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உணவுக்குழாய்ல கேன்சர்மா. முத்திப் போச்சு. வலி இல்லாம பாத்துக்கலாம், அவ்ளோதான்." நல்ல மனிதர்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

நாங்கள் ஸ்ரீராம்புரம். அவர் கடைசிவரை சாக்கடை அள்ளும் வேலை பார்த்தவர். எங்கள் ஒரே மகள் ஷாலினி பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்துவிட்டு நர்சிங்தான் படிப்பேன் என்று நின்றாள். "நான் அள்ளுனது பத்தாதா? நீயும் கண்டவனோடத அள்ளணுமா?" என்றார் அவர். அப்பா வாயால் சரி என்று சொல்லாமல் சேரமாட்டேன் என்றாள் அவள். இரண்டும் ஒரே பிடிவாதம். நடுவில் நான், இவர் போவதற்குள் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட வேண்டுமே என்று கிடந்து தவித்தேன்.

அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வார்டுக்கு நர்சிங் மாணவிகள் வருவார்கள். ஒருத்தி விடாமல் இவர் கேட்பார்: "ஏம்மா இந்த வேலைக்கு வந்தே?" கோட்டயத்துப் பெண்ணுக்கு அத்தை, சித்தி எல்லோரும் நர்ஸ், அவளும் வெளிநாடு போக வேண்டும். ராய்ச்சூர்ப் பெண், டாக்டர் சீட் கிடைக்கவில்லை என்று வெட்கப்பட்டாள். மணிப்பூர்ப் பெண் அரைகுறைக் கன்னடத்தில், ஊரில் நிலைமை சரியில்லை, எங்கேயாவது போய்ப் பிழை என்று அம்மா அனுப்பிவிட்டாள் என்றாள். சேவை என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. "பாத்தியா, வேற வழியில்லாமதான் வருதுங்க" என்று மகளிடம் ஜெயித்த மாதிரி சொல்வார்.

அந்த மணிப்பூர்ப் பெண்தான் அவருக்கு ஸ்பூனில் கஞ்சி கொடுப்பாள். போதுமா என்பதை எங்கள் ஊர்க் கன்னடத்தில் 'சாக்கா' என்று கேட்க வேண்டும். அவள் வாயில் அது 'சாகா' என்று வரும். "சாகவான்னு கேக்குது பாரு. கொஞ்சம் பொறு கண்ணு" என்பார். அவள் புரியாமல் சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் படுக்கையிலேயே வெளிக்குப் போய்விட்டார். ஷாலினி துணியை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டார்.

"நீ தொடாத. அந்தப் பொண்ணக் கூப்புடு."

"அதுக்கும் ஒரு அப்பா இருக்காருப்பா."

அவர் கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. மணிப்பூர்ப் பெண் தண்ணீர்ப் பேசினுடன் வந்தாள். பேச்சு ஒன்றும் புரியாமல் ஷாலினியிடம் ஒரு ஜோடி கிளவுஸை நீட்டினாள். இரண்டு பெண்களுமாக அவரைப் புரட்டினார்கள்.

"முதுகுல கை குடுத்துத் தூக்கு, ஷாலு. இடுப்பப் புடிச்சி இழுக்காத, வலிக்குது" என்றார்.

சரி என்ற சொல் கடைசிவரை வரவில்லை. எப்படித் தூக்குவது என்று மட்டும் தினமும் சொல்லிக்கொடுத்தார். பிறகு அதுவும் நின்றது. ஷாலினியின் கைமேல் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் படுத்திருக்கலாம். உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என்னிடமே அது இல்லை.

ஷாலினி இப்போது நர்சிங் படிக்கிறாள். கூடவே வெளிநாட்டு வேலைக்காக ஜெர்மன் வகுப்புக்கும் போகிறாள். குளிக்கும்போது என் கையையும் காலையும் பார்க்கிறேன். இது என்றைக்கோ ஒருநாள் முன்பின் தெரியாத ஒரு பெண் கைக்குப் போகப்போகிற உடம்பு. வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் என் மகள் எந்த ஊரிலோ, யாருடைய அம்மாவையோ முதுகில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருப்பாள்.