றெக்கையைப் பிடிச்சுக்கினு ஓடினவன்

விருது வாங்கினது எங்க வீட்டுக்காரர். மேடையில அவருக்குச் சால்வை போத்தினாங்க. நான் கீழே நாலாவது வரிசையில உக்காந்து கை தட்டிக்கினு இருந்தேன். மனசாரத்தான் தட்டினேன், பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் விருது வாங்கினவங்களையெல்லாம் பஸ்ஸுல ஏத்தி, விழா நடந்த அந்த வடக்கத்தி ஊரைச் சுத்திக் காட்டினாங்க. கடைசியா ஒரு பூங்கா. அந்தப் பக்கத்துல முதன்முதல்ல விமானம் ஓட்டினவங்களுக்கு அங்க ஒரு நினைவுச் சின்னம் இருக்குது. வெண்கலத்துல நிஜ அளவு விமானம். நடுவுல ஒருத்தன் குப்புறப் படுத்துக்கினு ஓட்டுறான். இன்னொருத்தன் றெக்கை சாயாம நுனியைப் பிடிச்சுக்கினு கூடவே ஓடுறான்.

ஓடுறவனைத்தான் பாத்துக்கினு இருந்தேன். அவன் பேரு இன்னான்னு கேட்டேன். எங்களைக் கூட்டிக்கினு வந்த அதிகாரியம்மா கல்வெட்டு முழுக்கப் படிச்சுப் பாத்தாங்க. ஓட்டினவன் பேரு இருக்குது, அவனுக்கு அப்புறம் பறந்தவங்க பேரெல்லாம் இருக்குது. இவன் பேரு இல்லை.

"பறந்தவன் பேருதானே போடுவாங்க? கூட ஓடினவனுக்கு இன்னாத்துக்குப் பேரு?" எங்க வீட்டுக்காரர் சிரிச்சார்.

சுருக்குனு இருந்துச்சு. எங்க வேலை கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேற நிறம். ரெண்டையும் ஒரே தறியில கோத்துக்கினே போவணும். ஒரு ஆளால ஆவாது. அவர் உடலுக்கு இழை ஓட்டுற நாடாவைப் போட, ஒவ்வொரு இழைக்கும் நான் பக்கத்துல உக்காந்து கரைக்கு நாடா போடணும். கல்யாணமான நாள்லேர்ந்து போடுறேன். பெரியவளைப் பெத்து, தீட்டு கழிஞ்ச மறுநாளே தறியில உக்காந்தேன். விருது வாங்கின சேலையிலயும் கரை முழுக்க என் கைதான். விருதுக்கு விண்ணப்பப் பாரம் எழுதறப்போ ரெண்டு பேரு பேரையும் எழுதுங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன்.

அங்கேயே நின்னு கேட்டேன். "பாரத்துல என் பேரை எழுதினீங்களா?"

"கட்டம் சின்னது. ரெண்டு பேரு கொள்ளல."

அழுகை வரல, எரிச்சல்தான் வந்துச்சு. ஊர் வந்து சேர்ற வரைக்கும் ரயில்ல நான் வாயே திறக்கல. அவர் கவனிச்சாரான்னுகூடத் தெரியல. சால்வையை மடிச்சுத் தலைக்கு வெச்சுக்கினு தூங்கிட்டார். காஞ்சிபுரத்துல எங்க தெரு முனையில பேனர் கட்டியிருந்தாங்க. அதுல அவர் படம் மட்டும் இருந்துச்சு.

திங்கக்கிழமை தறிக்குழியில இறங்கினார். நான் அடுப்படியில இருந்தேன்.

"இந்தா, வா. கரை நிக்குது."

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, வரேன்."

இத்தனை வருஷத்துல ஒருநாளும் அவர் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தா, ஏய், அவ்வளவுதான். நாடாவைக் கீழ வெச்சார், மறுபடி எடுத்தார்.

"வெளையாடாத. நேரமாவுது, இந்தா."

போய் உக்காந்தேன். சேலை பாதியில நிக்குதே, வேற இன்னா பண்றது? பாரத்துல கட்டம் சின்னதாம். அவர் வாய் பெருசாத்தானே இருக்குது, அதுலகூடவா என் பேரு கொள்ளல?