வண்டிக்கு அடித்த புது பெயிண்ட்

நம் வீட்டுச் சிவப்பு மோட்டார் சைக்கிளை ஏன் இன்னும் விற்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உங்கள் வயதில் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்காமல் செய்த வண்டி அது.

அப்போது நாங்கள் கே.ஜி.கண்டிகையில் இருந்தோம். என் நைனா, அதாவது உங்கள் தாத்தா, மெக்கானிக். எங்களிடம் இருந்தது பழைய இங்கிலாந்து வண்டி, ஒற்றை சிலிண்டர். பொதட்டூர்பேட்டையில் தறி போட்டிருந்த மாமாவிடமும் ஓர் இங்கிலாந்து வண்டி, இரட்டை சிலிண்டர். எங்களுடையது உடம்பெல்லாம் அதிரும். ஆனால் திருத்தணி மலைப்பாதையில் ஆளோடும் மூட்டையோடும் மூச்சு வாங்காமல் ஏறும். மாமாவுடையது நெய்யில் வழுக்கினாற்போல ஓடும். ஆனால் எப்போதாவதுதான் ஓடும். மற்ற நாளெல்லாம் அதன்மேல் கோழி உட்கார்ந்திருக்கும்.

பழைய சீமை வண்டிகளைச் சேர்த்து வைக்கிற ஒருவர் சென்னையிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார். இரண்டையும் பார்த்து ஒன்றைத்தான் எடுப்பாராம். மாமாவுக்கு இன்னொரு தறி வாங்க ஆசை. அம்மாவுக்கோ எங்கள் வண்டி ஒழிந்தால் போதும்.

“கிக்கர் திருப்பி அடிச்சி முட்டி வீங்கிக்கினு கிடக்கிறீங்க. இந்த எமனை வித்துத் தொலைங்க.”

“ஆங்” என்றார் நைனா. எனக்கு அழுகை முட்டியது. அந்த வண்டியின் டேங்க்தான் நான் உட்காரும் இடம்.

மாமா ஓடி வந்தார். “பாவா, என் வண்டிக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சி வெச்சிடட்டா?”

“துணியால கூடத் துடைக்காத மச்சான். கோழி எச்சத்தை மட்டும் எடு.”

அவரை அனுப்பிவிட்டு, நைனா எங்கள் வண்டியைச் சுரண்டிச் சுத்தமாக்கி, ரத்தச் சிவப்பில் பெயிண்ட் அடித்தார். டேங்கின் இருபுறமும் வேல் வேறு வரைந்தார். மாமாவை ஏமாற்றிவிட்டு எங்கள் வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

சென்னைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவும் தன் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் மலைக்கு ஓட்டிப் போய் வந்தார்.

“ஒத்த சிலிண்டர் என்னா இழுப்பு இழுக்குதுங்க!”

பிறகு அவர் குந்தி உட்கார்ந்து சிவப்பை நகத்தால் கீறினார். முகம் சுண்டிப்போனது.

“பழைய பெயிண்ட் எங்கீங்க?”

“சுரண்டிட்டேங்க.”

“அடப்பாவமே! கம்பெனியில அடிச்ச பெயிண்டுக்குத்தாங்க மதிப்பே. போனா வருமா?”

மாமாவின் வண்டித் துருவைப் பிறந்த குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினார். அதையே வேனில் ஏற்றிக்கொண்டார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “இருபது வருசமா மெக்கானிக்கு. இதுகூடவா தெரியாது?”

“தெரியாம பூட்ச்சி” என்று நைனா தலை குனிந்தார்.

மாமாவை ஏமாற்ற நினைத்ததற்கு முருகன் கொடுத்த தண்டனை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எப்படியோ வண்டி தப்பித்தது. அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

சாயங்காலம் நைனா என்னை டேங்கில் உட்காரவைத்து மலைக்குக் கிளம்பினார். வீட்டைத் தாண்டியதும் விசிலடிக்கத் தொடங்கியவர், கோயில் வரைக்கும் நிறுத்தவேயில்லை. தொழிலில் இவ்வளவு பெரிய தப்பைச் செய்த மனிதர் எப்படி விசிலடிக்க முடியும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.