எதிர் வீட்டுக்காரருக்குக் குணமாச்சா?

லூர்துராணியைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் பஜ்ஜி தீர்வதற்கு முன்பே எழுந்து போனார்கள். அழகில் ஒரு குறையும் இல்லை. கேள்விதான் அதிகம். "உங்க அப்பாவுக்கு இந்த இருமல் எப்பலேருந்து இருக்கு?" என்று ஒரு மாப்பிள்ளையிடம் கேட்டாள். இன்னொருவரிடம், "முந்தின வேலையை நீங்களா விட்டீங்களா, அவங்களா விட்டாங்களா?" என்றாள். கரூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கிளம்பிய அந்த மனிதர், வெகுநேரம் கழித்தும் தெருமுனைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்ததை அவள் அம்மா வியாகுலம்மாளே பார்த்தாள்.

1978இல் லூர்துராணிக்கு முப்பத்தொரு வயது. பாலக்கரையில் கோயிலை ஒட்டிய கூடத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அளவு எடுப்பதற்குள் வந்தவர்களின் குடும்பக் கதை முழுவதையும் வாங்கிவிடுவாள். டாக்டர் பரக்கத் அலி தேடிக்கொண்டிருந்ததும் அப்படி ஓர் ஆளைத்தான்.

அவர் நடத்திய கிளினிக்கில் ஒரு புது ஏற்பாடு இருந்தது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டிவிட்டால் போதும். அப்புறம் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் வைத்தியத்துக்குத் தனியாகக் காசு இல்லை. வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த திட்டம் அது. இரண்டாவது வருடமே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

"மருந்துச் செலவு ஏறிக்கிட்டே போகுதும்மா," என்றார் டாக்டர். "ஜனங்களுக்குக் குணமாகுதுன்னா செலவானா ஆகட்டும். ஆகுதா இல்லையான்னே எனக்குத் தெரியலை. வந்துட்டுப் போனவங்க வீட்டுக்கு ரெண்டு வாரம் கழிச்சுப் போய்க் கேட்டுட்டு வரணும். இது குசலம் விசாரிக்கிறது இல்லை, ஆராய்ச்சி."

"கேள்வி கேக்குறதுக்குச் சம்பளமா டாக்டர்?"

"ஆமாம்மா."

அன்று சாயங்காலம் வியாகுலம்மாள் மாதா கோயிலில் பெரிய மெழுகுவர்த்தியாகப் பார்த்து ஏற்றினாள்.

முதல் மாதம் லூர்துராணி ஏறி இறங்காத வீடு இல்லை. எல்லாரும் உட்காரச் சொன்னார்கள். எல்லாரும் காபி கொடுத்தார்கள். எல்லாருக்கும் குணமாகியிருந்தது. லாரி ஷெட்டில் வேலை பார்த்த சின்னையன், "சுத்தமா..." என்று ஆரம்பித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்து, "...குணமாயிருச்சும்மா" என்றார்.

கணக்கைக் கேட்ட டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நூத்துக்கு நூறு பேருக்கும் குணமா? அல்லாஹ் மேல ஆணையா சொல்றேன், என் கையால இது நடந்திருக்காது."

லூர்துராணிக்கும் புரிந்துதான் இருந்தது. வீடு தேடி வந்த பெண்ணிடம் போய் இன்னும் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? டாக்டர் மனசு கஷ்டப்படாதா? போதாததற்கு, திட்டத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் ஜனங்களுக்கு இருந்தது.

வழி சாரா பீவி வீட்டில் திறந்தது. சாரா பீவி அந்தச் சந்தில் எல்லாருக்கும் மூத்தவர், குரலும் அவருடையதுதான் பெரிது. "நான் நல்லா இருக்கேம்மா," என்று சொல்லிக்கொண்டே சர்பத்தைக் கொடுத்தவர், குனிந்து மெதுவாகச் சொன்னார்: "எதிர் வீட்டு ரோசம்மாதான் பாவம். அத்தனை ஊசி போட்டும் முட்டிவலி அப்படியேதான் இருக்கு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்குறா."

லூர்துராணி சந்தைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போனாள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்," என்றாள் ரோசம்மாள். "சாரா பீவிக்குத்தான் தலைசுத்தல் விட்டபாடில்லை. நேத்துக்கூடத் துணி காயப்போடுறப்ப கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு."

வெளியே வந்த லூர்துராணி சந்தின் நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாளிலிருந்து அவள் போன வீடுகளில் ஒரே கேள்வி: "உங்க எதிர் வீட்டுக்காரருக்குக் குணமாச்சா?"

உண்மை அருவியாகக் கொட்டியது. "இதெல்லாம் ஆராய்ச்சியில சேருமா?" என்று டாக்டர் முதலில் தயங்கினார். சிலரைத் திரும்ப வரவழைத்துச் சோதித்துப் பார்த்தார். எதிர் வீட்டார் சொன்னது ஏறக்குறைய எல்லாமே சரியாக இருந்தது.

ஆனால் இப்படிப்பட்ட ரகசியம் பாலக்கரையில் எத்தனை நாள் தங்கும்? தண்ணீர்க் குழாயடியில் விஷயம் உடைந்தது. லூர்துராணி அங்கே போய்ச் சேர்ந்தபோது சாரா பீவி, ரோசம்மாள் இருவரின் குடங்களும் தரையில் கிடந்தன.

"என் முட்டியைப் பத்தி அது எப்படிப் பேசலாம்?" என்றாள் ரோசம்மாள்.

"என் தலை சுத்துனா இவளுக்கு என்ன வந்தது?" என்றார் சாரா பீவி.

இரண்டு பேருமே தன் பக்கம் திரும்பியதும் லூர்துராணி கீழே கிடந்த குடங்களை நிமிர்த்தி வைக்கக் குனிந்தாள். அழுதுவிடுவாள் போல இருந்த அவள் முகத்தைப் பார்த்து சாரா பீவிதான் முதலில் இறங்கி வந்தார். "பின்னாடி போய்க் கேக்காதே புள்ளே. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுக் கேளு. அவ பொய் சொன்னா நான் சும்மா இருப்பேனா?"

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவரும் ஒப்புக்கொண்டால் மட்டும், ஒன்றாக உட்கார்ந்து பதில் சொல்வார்கள்.

வந்த பதில்களில் டாக்டரைக் குழப்பியது ஊசிதான். திட்டத்தின் செலவில் பெரும்பங்கு அதற்கே போனது. காய்ச்சல், கால்வலி, அசதி எதுவானாலும் ஜனங்கள் ஊசி கேட்டார்கள். கம்பவுண்டர் கிளமென்ட் மண்ணெண்ணெய் அடுப்பில் ஊசிகளைக் கொதிக்க வைத்து, வித்துவானைப் போல நிமிர்ந்து நின்று போட்டார். எல்லாருக்குமே போட்டதால், போடாவிட்டால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியவில்லை.

அதைத் தெரியவைத்தது மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை. அவசரக் கேஸ்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களை டாக்டர் வெறும் ஸ்டெதாஸ்கோப்போடு சமாளித்தார். நெஞ்சிலும் முதுகிலும் வைத்துப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறார்கள், எப்போது தூங்குகிறார்கள் என்று கேட்டார். எந்த மாத்திரை எதற்கு என்று சொல்லிக்கொடுத்தார். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். இரண்டு வாரம் கழித்து லூர்துராணி போய்க் கேட்டபோது, நூற்றுக்கு இத்தனை பேர் என்று பார்த்தால், அவர்களில் குணமானவர்கள் ஊசி போட்டுக் குணமானவர்களைவிடச் சற்று அதிகமாகவே இருந்தார்கள்.

டாக்டர் உற்சாகமாகி, தேவைப்பட்டால் மட்டும்தான் ஊசி என்று அறிவித்தார். மறுநாள் காலையில் கிளினிக் வாசலில் கூட்டம் கூடியது. முன்னால் சாரா பீவி.

"மாசாமாசம் காசு கட்டுறோம், ஊசி எங்கே?"

டாக்டர் உள்ளேயே இருந்துகொண்டு லூர்துராணியை வெளியே அனுப்பினார். அவளுக்குப் பிரசங்கம் செய்ய வராது. தெரிந்ததைச் செய்தாள்.

"அக்கா, மண்ணெண்ணெய் இல்லாத வாரம் நீங்க வந்தீங்களே. இப்பத் தலைசுத்தல் எப்படி இருக்கு?"

"அது... இருக்கு. கொஞ்சம் இருக்கு."

"எங்கே இருக்கு?" என்றாள் பக்கத்தில் நின்ற ரோசம்மாள். "நேத்து மொட்டை மாடியில ஏறி நின்னு வத்தல் காயப்போட்டியே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாரா பீவியும் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "சரி, ஊசி வேணாம். ஆனா முதுகுலயும் வெச்சுப் பாக்கணும். நெஞ்சுல மட்டும் வெச்சுட்டு அனுப்புற வேலை ஆகாது."

டாக்டர் வெளியே வந்து ஒப்புக்கொண்டார்.

எல்லாரும் மாறிவிடவில்லை. சிலர் திட்டத்தை விட்டே போனார்கள். வியாகுலம்மாள், மகளுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில், அடுத்த தெரு டாக்டரிடம் கைக்காசு கொடுத்து ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். கிளமென்ட் பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாத்திரை சாப்பிடும் விதத்தைச் சொல்லிக்கொடுக்கும் வேலையை டாக்டர் அவரிடம் ஒப்படைத்த பிறகு, அவர் பேச்சு நிற்கவில்லை என்பதுதான் புகாராக வந்தது.

வருடக் கடைசியில் மருந்துச் செலவு நன்றாகக் குறைந்திருந்தது. மிச்சமானதை என்ன செய்வது என்று கமிட்டி கூடியது. அதற்குள் சாரா பீவி கமிட்டியில் உறுப்பினராகியிருந்தார். கட்டடத்துக்கு வெள்ளையடிக்கலாம் என்று ஒரு வியாபாரி சொன்னார்.

"சுவத்துக்கா வியாதி?" என்றார் சாரா பீவி. "பொம்பளை டாக்டர் ஒருத்தரைப் போடுங்க. நாங்க சொல்லாம வெச்சிருக்கிறது எவ்வளவோ இருக்கு."

1981இல் மணப்பாறையிலிருந்து ஒரு லேடி டாக்டர் வந்து சேர்ந்தார். முதல் நாள் வந்த பெண்களின் வரிசை சந்து திரும்பியும் நீண்டது. லூர்துராணி வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டே கடைசிவரை நடந்தாள். கடைசியில் நின்ற பெண் அவள் கையைப் பிடித்து இழுத்து, காதோடு ஏதோ சொன்னாள். லூர்துராணி ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு முதலில் உள்ளே போனாள்.