மாமாவின் தலையும் என் எச்சிலும்

எங்கள் வீட்டில் எச்சிலுக்கென்று தனிச் சட்டம் இருந்தது. தண்ணீரை அண்ணாந்து குடிக்க வேண்டும். உதடு பட்ட டம்ளர் நேராகக் குழாயடிக்குப் போக வேண்டும். கடித்த கொய்யாவை யாரிடமாவது நீட்டினால் நீட்டிய கைக்கே அடி விழும். ஆம்பூர் முழுவதற்கும் இந்தச் சட்டத்தை அமல்படுத்த அம்மா தயாராக இருந்தார், ஊர்தான் ஒத்துழைக்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில், எண்பத்தாறாம் வருஷக் கடைசியில், அம்மாவுக்குத் தெரியாமல் நான் தினமும் காலையில் என் தாய்மாமன் தலையில் எச்சில் தடவிக்கொண்டிருந்தேன். அதுவும் விஞ்ஞானத்தின் பேரில்.

மாமா விலங்கியல் படித்தவர். எங்கள் வீட்டிலேயே தங்கி, வேலூருக்கு பஸ்ஸில் போய், ஒரு டுடோரியலில் பத்தாவது தவறியவர்களுக்குத் தவளையின் இதயத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு வருவார். தவளைக்கு உள்ளே எத்தனை அறை என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய அவரால், தன் நெற்றி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. கோடையில் பாலாற்றுத் தண்ணீர் போவதுபோல அவர் முடி போயிருந்தது. முதலில் ஓரங்களில், பிறகு நடுவில், பிறகு இங்கேதான் ஓடியது என்று கை நீட்டிக் காட்டும்படியாக.

பெண் வீட்டார் வருவார்கள். காபி குடிப்பார்கள். மேலே பார்ப்பார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்வார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

“முடிதானே கம்மி, மூளை ஜாஸ்தின்னு சொல்லிப் பாருங்களேன்” என்று அம்மா தரகரிடம் மன்றாடுவார். தரகர், மூளை வெளியில் தெரிவதில்லையே என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

வாணியம்பாடியிலிருந்து அடுத்த சம்பந்தம் வருகிறது என்றானபோது மாமா அம்மாவிடம் சொன்னார்: “அக்கா, இதான் கடைசி. இதுவும் போய்ட்டா இனிமே எவன் முன்னாடியும் சட்டை மாட்டிக்கினு வந்து உக்கார மாட்டேன்.” சும்மா சொல்கிற ஆள் இல்லை அவர். அம்மா அன்று குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் செய்தித்தாளில் நோபல் பரிசுக்காரர்களைப் பற்றி வந்தது. மாமா அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். எலியின் எச்சில் சுரப்பியில் ஒரு புரதம் இருக்கிறதாம். எலிக்குட்டிக்கு அதை ஊசியில் ஏற்றினால் திறக்கவேண்டிய நாளுக்கு முன்பே கண் திறந்துவிடுகிறதாம், பல் முளைத்துவிடுகிறதாம். தோலின் செல்லைப் போய்த் தட்டி எழுப்பி, பெருகு பெருகு என்று விரட்டுகிற புரதம். நாய் புண்ணை நக்குவது, நாம் விரலை அறுத்துக்கொண்டால் சட்டென்று வாயில் வைப்பது எல்லாவற்றுக்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்பது மாமாவின் கட்சி. மனிதனிடமும் அது இருக்கிறதாம்.

“எங்க இருக்குது மாமா?”

“எச்சில்ல இருக்குது. மூத்திரத்துலயும் இருக்குதாம்.”

தாய்மாமன்மேல் எனக்கிருந்த பாசம் ஒரு நிமிஷம் ஆட்டம் கண்டது. மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எச்சிலே போதும்” என்றார்.

தோல் வளர்ந்தால் முடி வளரும். முடி தோலில்தானே முளைக்கிறது? அது அவர் தர்க்கம். வளர்கிற பிள்ளையின் எச்சிலில்தான் சரக்கு ஜாஸ்தி இருக்கும் என்பதும் அவர் தர்க்கம்தான். மருந்து நேராகத் தோலில் இறங்கவேண்டும் என்று முன்மண்டையில் மிச்சமிருந்த பூனைமயிரையும் பிளேடால் வழித்துவிட்டார். இருந்ததும் போயிற்று. நான் காலையில் பல் விளக்குவதற்குமுன் எழுந்து, அம்மா பால் வாங்கப் போகும் இடைவெளியில், உள்ளங்கையில் சுரந்து அவர் தலையில் வட்டமாகத் தேய்ப்பேன். புளியங்காயை நினைத்துக்கொள் என்பார். நினைத்துக்கொள்வேன். கண்ணை மூடி அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையில் அபிஷேகம் வாங்குகிற சாமியின் சாயல் இருக்கும்.

பிளேடு கிழித்த கீறல்கள் சீக்கிரமே காய்ந்து, வடுகூட இல்லாமல் மறைந்தன. “பாத்தியா பாப்பா, வேலை செய்யுது” என்றார் மாமா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை போட்டாலும் துப்பமாட்டேன். விலையுயர்ந்த பொருள் வீணாகிவிடும். ஆனால் முடி என்று சொல்லத்தக்க ஒன்று எங்கும் தலைகாட்டவில்லை. தலை மட்டும் நாளுக்கு நாள் வழுவழுத்து, மினுமினுத்து, ஜன்னல் கம்பிகளை நிழல்போலக் காட்டத் தொடங்கியது.

வாணியம்பாடிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரு டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவர். பதனிட்டு வரும் தோலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, உண்ணி கடித்தது எது, முள் கிழித்தது எது, மாடு ஓட்டுகிறவனின் தாற்றுக்கம்பு குத்தியது எது என்று பிரித்து, பர்ஸ்ட் செலக்சன், செகண்ட், தேர்டு என்று அடுக்குவது அவர் வேலை. அந்தக் கண்ணை அவரால் டேனரியில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது என்பது வந்த உடனேயே தெரிந்தது. வாசலில் கட்டியிருந்த பக்கத்து வீட்டு மாட்டைப் பார்த்து “தொடையில சூடு போட்டுக் கெடுத்துட்டானுங்க” என்று வருத்தப்பட்டார். என் தோளில் இருந்த அம்மைத் தழும்பைப் பார்த்து, “பரவால்ல, ஓரத்துல இருக்குது” என்று ஆறுதல் சொன்னார்.

மாமா வந்து உட்கார்ந்தார். எல்லோரும் மேலே பார்த்தார்கள். அம்மா காபித் தட்டோடு நடுவில் நின்று மறைத்துப் பார்த்தார். மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள், பெண்ணின் அப்பா தாழ்த்தவில்லை. காபியை வைத்துவிட்டு எழுந்தார்.

“தம்பி, கொஞ்சம் இப்படி வடக்கு ஜன்னல்கிட்ட வாங்க. இந்த வெளிச்சம் சரியில்ல.”

தோலை வடக்கு வெளிச்சத்தில்தான் பார்ப்பார்களாம். மாமா போனார். “குனியுங்க” என்றார். குனிந்தார். பெண்ணின் அப்பா கட்டைவிரலை நெற்றியில் வைத்து, உச்சிவரைக்கும் நிதானமாக ஓட்டினார்.

“இன்னா போடறீங்க தம்பி இதுக்கு?”

“விளக்கெண்ணெய்ங்க” என்றார் அம்மா, அவசரமாக.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் உழைப்பு. “இல்ல, என் எச்சில்” என்றேன்.

கட்டைவிரல் நடுமண்டையில் நின்றது.

“டெய்லியா?”

“காலையில. பல்லு விளக்கறதுக்கு முன்னாடி.”

அந்த இடத்தில் மாமா, குழந்தை உளறுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்த தலை குனிந்தபடியே, ஜன்னல் திண்டைப் பார்த்துக்கொண்டு, “ஆமாங்க, உண்மைதாங்க” என்றார். பிறகு டுடோரியல் குரல் தானாக வந்துவிட்டது. எலிக்குட்டி, கண் இமை, புரதம், தோல் செல் என்று எல்லாம் சொன்னார். மூத்திரத்தை மட்டும் விட்டுவிட்டார்.

“ஆக, முடி முளைக்கறதுக்கு?”

“ஆமாங்க.”

“முளைக்கல.”

“முளைக்கலைங்க.”

பெண்ணின் அப்பா விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் நினைத்தேன்.

“தம்பி, தோல்ல இருக்கற முடியை எடுக்கறதுக்கு நாங்க சுண்ணாம்புக் குழியில ஊறப்போட்டு, வழிச்சு, எவ்ளோ பேஜார் பட்டுக்கினு இருக்கோம். உங்களுக்குத் தானா போயிருக்குது, நீங்க வேணாங்கறீங்க.” மறுபடியும் ஒரு தரம் அந்தத் தலையைச் சாய்வாக வெளிச்சத்தில் பார்த்தார். “ஒரு கடி இல்ல, ஒரு கீறல் இல்ல. முன்பக்கம் பர்ஸ்ட் செலக்சன். பின்பக்கம் முடி இருக்கறதால ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

மாமா நிமிர்ந்தார். சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

“எங்க பொண்ணுகிட்ட சொல்றேன். அது முடிவு பண்ணட்டும்” என்று பெண்ணின் அப்பா சொல்ல, எழுந்து போனார்கள். சொல்லி அனுப்பும் கதைதான் என்று மாமா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அம்மா எனக்கு முதுகில் இரண்டு வைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, மாமாவின் தலையில் சீயக்காய் போட்டுத் தேய்த்து, சட்டத்தை மீண்டும் நிலைநாட்டினார். மாமா ஒரு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டே டுடோரியலுக்குப் போய்வந்தார்.

வாரக் கடைசியில் தரகர் வந்தார். பெண் எல்லாவற்றையும் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாம். பிறகு, “விளக்கெண்ணெய்ன்னு அவங்க அக்கா எடுத்துக் குடுத்தும் அதைப் புடிச்சுக்கல பாரு, அந்த ஆளு போதும்” என்றதாம்.

ரொம்ப காலத்துக்குப் பிறகு, எங்கோ படித்தேன்: அதே புரதத்தை ஆட்டுக்கு ஊசி போட்டுக் கம்பளியை உதிரவைக்கும் பரிசோதனை வெளிநாட்டில் நடந்திருக்கிறது. கத்தரியே வேண்டாமாம், கையால் உரித்துவிடலாமாம். தோலைத் தட்டி எழுப்புகிற அது, முடியைத் தூங்கப்போகச் சொல்லிவிடுமாம். மாமாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இதெல்லாம் தெரிவதற்கு முன், அவர்கள் கல்யாணப் பந்தியில் மாமாவும், எனக்கு அத்தையாகிவிட்ட அந்த வாணியம்பாடிப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து இலை. நான் எதிர் வரிசை. மாமா ஒரு ஜாங்கிரியைப் பாதி கடித்துவிட்டு மீதியை இலை ஓரத்தில் வைத்தார். யாருடனோ பேசிக்கொண்டிருந்த அத்தை, பேச்சை நிறுத்தாமலே, கையை நீட்டி அந்தக் கடித்த பாதியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அப்பளக் கூடையோடு வந்த அம்மா அதைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரித்தபடியே அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எச்சில் தோலுக்கு மருந்து என்று எனக்குத் தெரியும், இந்த மண்டபத்தில் என்னைவிட அதைத் தெரிந்தவர் இல்லை. பந்தி முடியும்வரை அத்தையின் கையை, கழுத்தை, மெட்டி போட்ட காலை என்று கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் தேடினேன். எங்குமே காயம் இல்லை.