மடியில் வைக்கக் கூடாத தலை

பயிற்சிப் பொம்மைக்கு நாற்பத்தைந்து வயது என்று பாடம் எடுத்த சேர் சொன்னார். இடுப்புக்குக் கீழே காலே இல்லாத ஆளுக்கு வயது ஒரு கேடா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அம்புலன்ஸ் வேலைக்குப் படிக்க வந்தவர்களில் றப்பர்த் தோட்டத்துப் பிள்ளை நான் ஒருத்திதான். பாடம் முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. சிங்கள ஊர்கள் சூழ்ந்த எஹலியகொடப் பக்கம் பிறந்தவளுக்கு அது ஒரு கஷ்டமே இல்லை.

அன்றைக்குப் பயிற்சிக்குக் கொடுத்த கதை இதுதான்: றப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் விழுந்து கிடக்கிறார், பேச்சு மூச்சு இல்லை. என் அப்பா அப்படித்தான் போனார் என்பது கதை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஓடிப்போய் உட்கார்ந்து, பொம்மையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. தலையைத் தூக்கினால் கழுத்து மடங்கி மூச்சு போகும் வழி அடைபடும், மடியில் கிடப்பவரின் நெஞ்சைச் சரியாக அழுத்தவும் முடியாது என்று பொறுமையாக விளக்கிவிட்டு, முதலிலிருந்து செய்யச் சொன்னார். இரண்டாவது தடவையும் என் கை தலைக்குத்தான் போனது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் விழுந்தாலும் முதலில் ஓடிவருவது ஒரு மடிதான். வெறுந்தரையில் கிடத்துவது செத்தவரை மட்டுமே. உயிர் இருக்கும் ஆளைத் தரையில் போட எங்களுக்கு மனசு வராது.

மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தரையிலேயே விட்டு, எண்ணி எண்ணி அழுத்தினேன். பொம்மையோடு இணைத்திருந்த திரையில் கோடு ஏறி இறங்கத் தொடங்கியது. பக்கத்திலிருந்த தோழி "பேருனா" என்றாள். பிழைத்துவிட்டாராம்.

வெளியே குழாயடிக்குப் போய் அழுதேன். எனக்கு அப்பா வேண்டும். அந்த மலையில், அந்தக் காலையில், இன்னும் ஒரே ஒரு தடவை வேண்டும். பொம்மைக்கு மூன்று தடவை கிடைத்ததே. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், என் படிப்பு அப்படித்தான் ஆகிப்போனது.

சாயங்காலம் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். அப்பா விழுந்தபோது பக்கத்து மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தது அம்மாதான். தோட்டத்து லொறி வரும்வரை கூடவே இருந்ததும் அவர்தான். இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டார். விழுந்து கிடப்பவரை எப்படிப் பார்ப்பது என்று படித்தோம் என்றேன்.

"அப்பாவ நான் தரையில விடல பாப்பா. லொறி வர்ற வரைக்கும் தலைய என் மடியிலதான் வச்சிருந்தேன். அந்த ஒன்னுதான் எனக்கு ஆறுதல்."

"நீங்க செஞ்சதுதாம்மா சரி," என்றேன்.

மறுநாள் காலையில் எனக்கு அதே பாடத்தில் பரீட்சை இருந்தது.