எப்படி உடைப்பீங்க என்று கேட்டவள்

அம்மாவின் கவுண்ட்டர் கடையின் பின்பக்கத்தில் இருந்தது. பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடை. முன்னால் கண்ணாடி, வெளிச்சம், ஓயாத பாட்டு. பின்னால், குடோனுக்குப் போகிற வழியில் ஒரு மர மேசை, ஒரு டியூப்லைட், ஒரு டப்பா நிறைய ஸ்க்ரூடிரைவர், அப்புறம் அம்மா. வாங்கிய பொருள் கெட்டுப்போனால் அவளிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

கெட்டுப்போன பொருளை யாரும் சிரித்துக்கொண்டே தூக்கி வருவதில்லை. வருகிற எல்லோரிடமும் அம்மா மூன்று கேள்வி கேட்பாள். பில் இருக்கா? எப்படி விழுந்துச்சு? தண்ணி பட்டுச்சா? விழவே இல்லை என்று சாதிப்பவர்களுக்கு, பொருளை அவர்கள் காதுப் பக்கம் வைத்து ஆட்டிக் காட்டுவாள். உள்ளே ஏதாவது உருளும்.

"இதுவா விழல? மாடிப்படிய ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே இறங்கியிருக்கு."

வந்தவரின் பாதிக் கோபம் அங்கேயே வடிந்துவிடும்.

போன மாதம் அம்மா இறந்தாள். துக்கம் கேட்க வந்த கடை ஆட்கள் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்து, வந்த காரியத்தை மறந்து சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அவர்கள் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் இன்ஜினியர். எழுதிப் பழக்கமில்லை.

கடையில் அப்போது இரண்டு கம்பெனிகளின் பொருள்கள் அதிகம் விற்றன. ஒன்று பெரிய கம்பெனி. ஊரெல்லாம் அதன் விளம்பரம். கடையின் முன்வரிசை முழுக்க அதற்குத்தான். இன்னொன்றின் பெயரை யாரும் சொன்னதில்லை. பெட்டியில் வாத்துப் படம் போட்டிருக்கும். அதனால் வாத்து. மஞ்சள் நிறம், ரப்பர் மூலை, பார்க்க சகிக்காது. வாத்தை வாங்குகிறவர்கள் கொஞ்சம் வெட்கத்தோடு, பில் போட்டவுடன் பைக்குள் மறைத்துக்கொண்டு போவார்கள்.

அம்மாவின் மேசைக்கு வாத்து அபூர்வமாகத்தான் வரும். பெரிய கம்பெனியின் ஸ்பீக்கர் வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை குப்பைக்குப் போகவிருந்த ஒன்றை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தோம். உள்ளே உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு ஒன்று அடியில் ஒட்டப்பட்டிருந்தது. அதற்கு ஒரு வயர்கூடப் போகவில்லை.

"இது எதுக்கும்மா?"

"கையில தூக்கினா கனமா இருக்கணும்ல. கனமா இருந்தா நல்ல பொருள்னு நெனச்சுக்குவாங்க. அதுக்குத்தான்."

"ஏமாத்து வேலை."

"இரும்பு நல்ல இரும்புடி. அதக் குறை சொல்லாதே."

ஆனால் அம்மா தினமும் சாப்பாடு எடுத்துப்போனது அதே பெரிய கம்பெனியின் துணிப்பையில்தான். துவைத்து, இஸ்திரி போட்டு, பெயர் வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு நடப்பாள். கேட்டால், "அவங்க செஞ்சதுலயே உருப்படியானது இந்தப் பைதான். அதையாவது நாலு பேர் பார்க்கட்டும்" என்பாள்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. முன் கவுண்ட்டரில் உட்கார வேண்டும். சம்பளம் கூடுதல் இல்லை. நான் காரணம் கேட்டபோது, "இத்தன வருஷமா எல்லாரையும் அழுத மூஞ்சியோடவே பார்த்தாச்சு. இதே ஜனங்க வாங்க வர்றப்ப எப்படி இருப்பாங்கன்னு ஒரு தடவ பார்க்கணும்" என்றாள். ஒவ்வொரு வருஷமும் முதலாளியிடம் கேட்பாள். ஒவ்வொரு வருஷமும் விற்பனைத் தலைவர் முட்டுக்கட்டை போடுவார். கடையில் டை கட்டுகிற ஒரே ஆள் என்பதால் அவரை எல்லோரும் டை என்றே கூப்பிட்டார்கள்.

"அக்கா தங்கமானவங்கதான் சார். ஆனா வாயத் திறந்தா வியாபாரம் படுத்துரும்."

ஸ்பீக்கரைப் பிரித்த அந்த வருஷம் முன் கவுண்ட்டர்ப் பெண் திடீரென்று வேலையை விட்டுப் போனாள். முதலாளிக்கு வேறு வழியில்லை. ஒரு வாரம் பார்ப்போம் என்றார். ஒரே நிபந்தனை. எந்தப் பொருளையும் குறை சொல்லக் கூடாது. சொன்னால் மறுநாளே பின்பக்கம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

திங்கட்கிழமை அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். முதலில் வந்தவர் ஒரு பெரியவர். ஹெட்போன் ஒன்றை ஆசையாகக் கையில் எடுத்தார். அம்மா சிரித்த முகத்தோடு கேட்டாள்:

"பில் இருக்கா?"

"நான் இன்னும் வாங்கவே இல்லையேம்மா!"

அடுத்து வந்தவர் டிரிம்மர் கேட்டார். அம்மா புதுப் பெட்டியைப் பிரித்து, காதருகே வைத்து ஆட்டினாள். அவர் பயந்துபோய் வேண்டாம் என்று போய்விட்டார். அன்று சாயங்காலம் வரை ஒரு பேட்டரிகூட விற்கவில்லை. டை வந்து எட்டிப் பார்த்தார். டையைச் சரிசெய்துகொண்டே இரண்டு தடவை குறுக்கே நடந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று வீட்டில் அம்மா முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். "வாய் தானா போகுதுடி. நான் என்ன பண்ண?" அப்பா, "நாளைக்கு வாயில மிட்டாய் போட்டுக்க" என்று யோசனை சொன்னார். போட்டுக்கொண்டும் போனாள்.

மறுநாள் புதுசாகக் கல்யாணம் ஆன இருவர் ரேடியோ வாங்க வந்தார்கள். அம்மா மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். பழக்கதோஷம் விடவில்லை.

"எப்படி விழுந்துச்சு?"

அந்தப் பெண் ஒரு கணம் விழித்தாள். பிறகு கணவனைக் காட்டினாள். "இன்னும் விழல. இவர் கையில குடுத்தா நாளைக்கே விழும்."

"நானா? போன மாசம் செல்போன பாத்திரத்தோட போட்டுக் கழுவினது யாரு?"

"அது ஒரு தடவ! நீங்க வாராவாரம்."

அம்மாவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. குறை சொல்லத்தானே கூடாது. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டு, "சரி, ரெண்டு பேரும் உண்மையச் சொல்லுங்க. இத எப்படி உடைப்பீங்க?" என்றாள்.

அவர்கள் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்கள். ஈரக்கை, உயரமான அலமாரி, தூக்கத்தில் கையை வீசுகிற பழக்கம். அம்மா பின் அலமாரியிலிருந்து வாத்து ரேடியோவை எடுத்து வைத்தாள். இருவரும் அதைக் கவுண்ட்டரிலிருந்து தள்ளிவிட்டுப் பார்த்தார்கள். வாத்து எம்பி விழுந்து பாடிக்கொண்டே இருந்தது. கடையே திரும்பிப் பார்த்தது.

அதன்பிறகு எல்லோரிடமும் அதே கேள்விதான். ஆச்சரியம், ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. கடைக்காரர் தன் பொருளைப் பற்றிப் பேசாமல் தங்களைப் பற்றிக் கேட்பது புதுசு போலிருக்கிறது. குளியலறையில் பாட்டுக் கேட்பவர், பேசும்போது போனை மேசையில் தட்டுபவர், எந்த ஸ்விட்சையும் அணைக்காத குடும்பம் எல்லோரும் தங்கள் வண்டவாளத்தைத் தாங்களே கொட்டினார்கள். சிலருக்கு அம்மா பெரிய கம்பெனிப் பொருளையே கொடுத்தாள். ஆபீஸ் வரவேற்பறையில் சும்மா வைக்கத்தான் என்று சொன்ன ஒருவரிடம், "அப்ப இதான் சரி. யாரும் தொடாட்டி இது நூறு வருஷம் இருக்கும்" என்றாள். டைக்கு அது பாராட்டா திட்டா என்று புரியவில்லை. பில்லைப் போட்டார்.

அந்த வாரத்தின் கடைசி நாள் பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் பல்பொடிகூட வாங்காதவள். பெட்டி தூக்க என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். முதலாளி கவுண்ட்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"அடியே, உன் வாத்தெல்லாம் எனக்கு வேணாம். அந்தப் பெரிய கம்பெனி ஸ்பீக்கர எடு. ஆளுயரம் இருக்கே, அது."

கடையிலேயே விலை அதிகமான ஸ்பீக்கர் அது. இதைவிடப் பெரிய விற்பனை அந்த வாரம் நடக்கவில்லை. அம்மா பேசாமல் பில் போட்டுவிட்டால் முன் கவுண்ட்டர் அவளுக்கு. ஆனால் வாங்குவது சொந்த அக்கா.

"எப்படி உடைப்பே, அக்கா?"

"நான் ஏன்டி உடைக்கிறேன்? ஹால்ல வைப்பேன். வர்றவங்க பார்க்கட்டும்."

அம்மா முதலாளியைப் பார்த்தாள். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, சத்தம் சுமாராத்தான் இருக்கும். உள்ள பாதி இரும்பு. கனத்துக்காக ஒட்டி வச்சிருக்காங்க. கேட்டுட்டு அப்புறம் என்னத் திட்டாதே."

டை கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி வாயைத் திறந்தார். அதற்குள் பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரும்பா? நெசமாவா?"

"இவங்க ஸ்பீக்கர் ஒண்ண நானே பிரிச்சுப் பார்த்தேன்."

"எவ்வளவு கனம்? பூனை தள்ளிவிட்டா விழுமா?"

"பூனையா?"

"எங்க வீட்டுத் தடியன்தான்! ஜாடி, கடிகாரம், போன வாரம் டேபிள் ஃபேன். இலேசா எத வச்சாலும் ஏறித் தள்ளிடுது. இரும்பு இருக்குன்னா ரெண்டு குடுடி, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. இத ஏன் இவங்க விளம்பரத்துல சொல்றதில்ல?"

முதலில் சிரித்தது முதலாளிதான். கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின், "ஏம்மா, குறை சொல்லக் கூடாதுன்னுதானே சொன்னேன்?" என்றார்.

"குறை எங்க சார் சொன்னேன்? உள்ள என்ன இருக்குன்னு சொன்னேன்."

அவர் டையைப் பார்த்தார். டை, "ரெண்டு போயிருக்கு சார்" என்றார்.

"சரி. நாளையிலேர்ந்து இங்கயே இருங்க."

அம்மா உடனே தலையாட்டவில்லை. காலையில் பின்பக்கம், மதியத்துக்கு மேல் முன்பக்கம் என்று கேட்டாள். "அங்க உட்கார்ந்து எது உடையுதுன்னு பார்க்காம இங்க வந்து நான் எதச் சொல்றது?" முதலாளி யோசித்தார், ஒப்புக்கொண்டார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடந்தது.

ஸ்பீக்கர்களை நானும் டையும் ஆட்டோவில் ஏற்றினோம். முதுகு ஒடிந்தது. பெரியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் கல்லூரி விட்டு வரும்போது கடைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. எதிரே ஒரு குடும்பம். சத்தம் கேட்கவில்லை. அம்மா ஏதோ கேட்டாள். அந்தத் தகப்பன் மகனைக் காட்டினார், மகன் தன் தாயைக் காட்டினான், அவள் கணவனை அடித்தாள், எல்லோரும் சிரித்தார்கள். அம்மா முகவாயில் கை வைத்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். விற்கிற அவசரம் எதுவும் அவளிடம் தெரியவில்லை.

உள்ளே போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை. பஸ் வரும்வரை அங்கேயே நின்று பார்த்தேன்.